ஸ்டேஷனை வித்தாச்சுன்னா நிஜமாவே வித்ததா?

அமெரிக்கால பெரிய டிவி கம்பெனிங்க ஒண்ணா சேரும்போது சில ஸ்டேஷனை வித்துடுறோம்னு சொல்வாங்க, யாருக்கு விக்கிறாங்கங்கறத தான் நாம பாக்கணும். ஒரே கம்பெனி நாட்டுல 39 சதவீத டிவி வீடுகளுக்கு மேல போகக்கூடாதுன்னு லிமிட் இருக்கு, அதுல யூஹெச்எஃப்ங்கற, அனலாக் காலத்துல சிக்னல் வீக்கா இருந்த அலைவரிசைல வர்ற ஸ்டேஷன்னா பாதி வீடுகள்தான் கணக்கு (டிஜிட்டல் வந்தப்புறம் இந்த சலுகைக்கு அர்த்தமே இல்லைங்க).

2017ல சின்க்ளேர்ங்கற டிவி கம்பெனி 390 கோடி டாலருக்கு ட்ரிப்யூன்ங்கற இன்னொரு டிவி கம்பெனியை வாங்க கிளம்பினாங்க. அந்த லிமிட்டுக்குள்ள வர சிகாகோவோட டபிள்யூஜிஎன் ஸ்டேஷனை வெறும் 6 கோடி டாலருக்கு விக்கறதா பிளான், வாங்கறவர் டிவி அனுபவமே இல்லாத கார் வியாபாரி, சின்க்ளேர் தலைவரோட பிசினஸ் தொடர்பு உள்ளவர், ஸ்டேஷனை நடத்தப்போறதும் சின்க்ளேரே, பின்னாடி திரும்ப வாங்கிக்க ஆப்ஷன் வேற! இத எப்படி விற்பனைன்னு சொல்றது, எனக்கு கோவமே வந்துச்சு. 2018 ஜூலைல எஃப்சிசி (அமெரிக்க அரசோட ஒளிபரப்பு கட்டுப்பாட்டு அமைப்பு) இந்த டீலை விசாரணைக்கு அனுப்புச்சு, ஆகஸ்ட்ல ட்ரிப்யூனே டீல்ல இருந்து விலகிடுச்சு, 2020ல சின்க்ளேர் 4.8 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிட்டாங்க.

அப்புறம் 2019ல நெக்ஸ்டார்ங்கற வேற டிவி கம்பெனி ட்ரிப்யூனை வாங்கினப்ப நியூயார்க்கோட டபிள்யூபிஐஎக்ஸ் ஸ்டேஷன் ஸ்க்ரிப்ஸ்ங்கற கம்பெனிக்கு போச்சு, அடுத்து மிஷன்ங்கற கம்பெனிக்கு, ஆனா நடத்துறது நெக்ஸ்டார்தான். 2024ல எஃப்சிசி அதையும் கேள்வி கேட்டு அபராதம் போட முன்வந்துச்சு.