56 நாள் கணக்கு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை தொடங்கினால், எல்லாம் 56 நாளுக்குள் முடியவேண்டும். இழுபட்டால் பிழைக்கும் வாய்ப்பு குறையும். வழக்கமாக வாரத்தில் 5 நாள் வீதம் 25 தடவை வெளிக்கதிர், வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பிறகு உள்கதிர் (கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்). தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கண்டி, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குத் தினமும் போய்வருவது நடக்கிற காரியமா? தங்க இடம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். பேர் விழாதே (நாள் சம்பளம் போய்விடுமே) என்று இடையில் சிகிச்சையை விட்டுக் கொழுந்து பறிக்கப் போவதுதான் பெரிய கேடு.

இரத்தசோகையையும் கவனிக்கணும். ஹீமோகுளோபின் குறைந்தால் கட்டிக்குள் ஒட்சிசன் குறையும், கதிர் சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டோடு சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்கில் (பெண்களுக்கான அரச கிளினிக்) கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை இலவசம். உறவுக்குப் பின் இரத்தம் கண்டால் அந்த வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.