அண்ணனின் கயிறு

இன்று ஆபீஸில் அண்ணனின் மேசையைக் காலி செய்தார்கள். ஸ்டேப்ளருக்கும் பழைய பில்களுக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கயிறு, முனையில் சின்ன உலோக வில்லை.

குப்பைக்குப் போக இருந்ததை வாங்கிக்கொண்டேன்.

பாராசூட் பையை மூடிப் பிடித்திருக்கும் கயிறு அது. அதன் கண்ணில்தான் ‘பின்’ என்கிற உலோக ஊசி நுழையும். நைந்து அறுந்தால் பாராசூட் நேரங்கெட்ட நேரத்தில் திறந்துகொள்ளும். லேசாகப் பிசிறு தட்டினாலே அண்ணன் மாற்றிவிடுவார்.

துபாயின் பாம் ஜுமைரா தீவுக்கு மேலே, 13,000 அடி. விமானக் கதவு திறக்கும் முன் என்னைத் திரும்பச் சொல்லி, முதுகுப் பையின் மடிப்பைத் தூக்கி அந்தப் பின்னைப் பார்ப்பார். அப்புறம் தோளில் ஒரு தட்டு.

பிறகு மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம். காற்றின் இரைச்சலில் பேச முடியாது. எதிரே அவர் சிரிப்பு மட்டும்.

அவரைக் கொண்டுபோனது நோய். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் பாராசூட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். மனசு வலிக்கிறது.

வானத்திலிருந்து குதிக்கிறவர்களை உயிர்மேல் ஆசை இல்லாதவர்கள் என்று நினைக்கிறார்கள். அண்ணனைப்போல் உயிரை மதித்தவரை நான் பார்த்ததில்லை. தன் உயிரை மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் உயிரையும்.