பூச்சு வேலை இல்லாத கட்டடமும் குழந்தைகள் அறையும்

எங்கள் கட்டுமான நிறுவனம், சுவர்களையும் கூரையையும் கான்கிரீட்டில் வார்த்தெடுக்கும் அலுமினிய அச்சு முறைக்கு மாறியதும், குடும்ப நலன் சார்ந்த பணிவிதிகள் என்ற தலைப்பில் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. முதலாவதைப் பொறியியல் பிரிவு முடிவு செய்தது. இரண்டாவதை மனிதவளப் பிரிவு எழுதியது. இரு பிரிவினரும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. திருவொற்றியூரை ஒட்டி, விம்கோ நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக நான் பணியாற்றிய ஆண்டுகளில், வீட்டை எந்த முறையில் கட்டுகிறோம் என்பதே, அதைக் கட்டும் பெண் மாலையில் தன் பிள்ளையோடு இருக்க முடியுமா என்பதையும் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் எனக்குள் வலுப்பெற்றது. அதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

பழைய முறையில் தூண்களும் உத்தரங்களும் எழுந்தபின் செங்கல்லோ ஃபிளை ஆஷ் கல்லோ வைத்துச் சுவர் எழுப்பி, உள்ளும் புறமும் பூச வேண்டும். வடசென்னையில் ஃபிளை ஆஷ் கல்லுக்குப் பஞ்சமில்லை. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உள்ள அனல்மின் நிலையங்கள் அதற்கான சாம்பலைத் தருகின்றன. (அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிவதைவிட ஒரு சுவருக்குள் போய்ச் சேர்வது எவ்வளவோ மேல் என்று நினைப்பவள் நான்.) கல்லும் மணலும் கலவையும் சித்தாள்களின் தலைமேல் ஏறித்தான் மேல் தளங்களுக்குச் சென்றன. இந்த வேலையில் ஒரு பெண் எத்தனை ஆண்டு இருந்தாலும் கரண்டி அவர் கைக்கு வருவது அரிது. கொத்தனாரின் பக்கத்தில் இளவயதில் சட்டியோடு வந்து நின்றவர், நரை விழுந்தபின்னும் அதே சட்டியோடு சித்தாளாகவே வேலையை விடுகிறார். கைக்குழந்தை இருந்தால் சாரக் கம்பிலோ பக்கத்து வேப்பமரத்திலோ தூளி கட்டிக் கிடத்துவார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகள் ஜல்லிக் குவியலின் மேல் விளையாடும். கட்டுமானத் துறையில் இருக்கும் எவருக்கும் இது பழகிப்போன காட்சி. பழகிப்போனதால்தான் இத்தனை காலம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கருதுகிறேன்.

கட்டுமானத் தளத்தில் எல்லோரும் ‘மைவான்’ என்று சொல்லும் அலுமினிய அச்சு முறை இந்த வரிசையை அடியோடு மாற்றியது. சுவருக்கும் கூரைக்குமான அலுமினியப் பலகைகளைப் ‘பின்’ என்ற ஆணியும் ‘வெட்ஜ்’ என்ற ஆப்பும் கொண்டு பூட்டி, உள்ளே கம்பியையும் மின்குழாய்களையும் வைத்து, ஒரு தளத்தின் சுவர்களையும் கூரையையும் ஒரே வார்ப்பில் முடித்துவிடுகிறார்கள். பலகையின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ என்பதால், கிரேனுக்காகக் காத்திராமல், கூரையில் விட்டுவைத்த திறப்பின் வழியே கைமாற்றி மேல் தளத்துக்குக் கொடுத்துவிடலாம். ஆட்கள் பழகிவிட்டால் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஒரு தளம் முடிகிறது. அச்சைக் கழற்றியதும் சுவர் வழவழப்பாக வந்துவிடுவதால், பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் போதும். பூச்சு வேலை என்ற ஒன்றே இல்லை. இந்த வீடுகளை வாங்குவோர் பின்னாளில் எந்தச் சுவரையும் உடைத்து மாற்ற முடியாது, வெயில் காலத்தில் கான்கிரீட் சுவர் இரவிலும் வெப்பத்தை விடும் என்பன போன்ற குறைகள் உண்டு. அவற்றைத் தனியே பேச வேண்டும். மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் (பாகங்களை முன்கூட்டியே வார்த்துப் பொருத்தும் முறை) கட்டப்பட்ட 1152 வீடுகள் 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டபின் எங்கள் குழு அங்கே போய்ப் பார்த்தது. அதன் விளைவாக எங்கள் தளத்தில் படிக்கட்டுகள் மட்டும் முன்வார்ப்பாக வந்திறங்கின.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம் கிடைத்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் சட்டம் அளித்தது 12 வாரம்தான் என்பதால், எனக்கு முன் இத்துறைக்கு வந்த பெண்களோடு ஒப்பிட்டால் நான் கொடுத்துவைத்தவள். ஆனால் விடுப்பு முடிந்து தளத்துக்குத் திரும்பியபின் ஒரு தாயின் நாளை ஆள்வது கான்கிரீட் போடும் நாள்தான். அன்று தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தளத்தைவிட்டு நகர முடியாது. வருகிற ஒவ்வொரு லாரியிலும் ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பார்க்க வேண்டும், வலிமைச் சோதனைக்குக் கியூப் (கான்கிரீட் கனசதுரம்) எடுக்க வேண்டும், கம்பி நகர்ந்திருக்கிறதா என்று கண்காணிக்க வேண்டும். ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை லாரியில் ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் நீண்டுவிட்டால், அந்த இரண்டு மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்போம். மாலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை நள்ளிரவை நெருங்கும். அத்தகைய இரவுகளில் பெரம்பூரில் என் மாமியார் குழந்தையைச் சமாளித்துக்கொண்டிருப்பார்.

பழைய முறையில் கான்கிரீட் போடும் நாள் எது என்பது முந்தைய மாலைவரை உறுதியாகத் தெரியாது. கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் வரவில்லை, கம்பி வந்து சேரவில்லை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். புதிய முறையில் சுழற்சி நிலைபெற்றபின், அடுத்த மூன்று வாரங்களில் எந்தெந்த நாள் வார்ப்பு என்பதை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க முடிந்தது. என்னோடு பணியாற்றிய இன்னொரு பொறியாளருக்கும் சிறு குழந்தை இருந்தது. அவரும் நானும் வார்ப்பு நாட்களை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொண்டோம். எங்கள் திட்ட மேலாளர் அந்த ஏற்பாட்டுக்கு உடனே ஒப்புதல் தந்ததோடு, வார்ப்பை விடியற்காலையிலேயே தொடங்கவும் ஆவன செய்தார். நெகிழ்வான பணிநேரம் என்று சுற்றறிக்கையில் இருந்த வரி, அச்சு முறை தந்த இந்த முன்னறிவு இல்லாமல் எங்களுக்குப் பயன்பட்டிருக்காது. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் போலச் சுழற்சியே நின்றுபோன நாட்களும் உண்டு. அந்நாட்களில் அறிவிப்புப் பலகையில் எழுதிய எதுவும் செல்லுபடியாகவில்லை.

இதுவரை சொன்னது பொறியாளர்களின் நலன். சித்தாள்களின் நிலை வேறாக இருந்தது, என் மனம் அதிகம் உழன்றதும் அங்கேதான். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, எங்கள் திட்டம் நடந்தபோது நடைமுறையில் இருந்தது. 50-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கெனக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை வேண்டும், குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. ஃபிளை ஆஷ் கல்லும் பூச்சுமாக எழுந்த எங்கள் முதல் கட்டடத்தில் பெண்களின் எண்ணிக்கை அந்த வரம்பைத் தாண்டியிருந்ததால் அறையும் இருந்தது. அலுமினிய அச்சில் எழுந்த இரண்டாவது கட்டடத்தில் அதில் பாதிப் பெண்கள்கூட இல்லை. பலகை பூட்டும் குழுக்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆண்களாகவே வந்தன. கலவை சுமக்கும் வேலை இல்லாததால், எர்ணாவூரிலிருந்தும் கத்திவாக்கத்திலிருந்தும் நடந்தே வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். எண்ணிக்கை குறைந்த மாதத்திலேயே, அறைக்கான செலவு இனித் தேவையா என்ற கேள்வி கணக்குப் பிரிவிலிருந்து வந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்மீது எனக்கு வருத்தமில்லை. சட்டத்தின் எண்ணிக்கையை அவர் சரியாகவே படித்திருந்தார். ஆனால் தலைச்சுமையால் கட்டடம் எழுந்த காலத்தின் அளவுகோல் அது. இயந்திரமும் அச்சும் வந்தபின் ஒரு கட்டுமானத் தளத்தில் ஐம்பது பெண்கள் சேர்ந்து வேலை செய்வது மேலும் மேலும் அரிதாகிவிடும். அந்தப் பிரிவின்படி, மிக நவீனமான முறையில் கட்டும் நிறுவனமே தொட்டிலுக்கு இடம் தர வேண்டிய கடமையிலிருந்து முதலில் விடுபட்டது. மீந்திருக்கும் பெண்கள் சிலரே என்றாலும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு உள்ள ஆபத்து குறையவில்லை. டவர் கிரேனும் பின்னோக்கி வரும் கான்கிரீட் லாரிகளும் சுழலும் தளத்தில் அது கூடியிருக்கிறது. தலைமை அலுவலகத்தில் ஊழியர்களுக்கென அழகான குழந்தைகள் காப்பகம் ஒன்று இருந்தது. ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கும் ஒரு சித்தாளுக்கு அதில் இடம் கிடையாது. கிடைத்தாலும் எர்ணாவூரிலிருந்து அங்கே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு வர அவரால் இயலாது. இவற்றையெல்லாம் எழுதி, எங்கள் திட்ட மேலாளரின் கையெழுத்தோடு மேலே அனுப்பினோம். அறை தொடர்ந்தது.

தொடர்ந்தது மட்டுமன்றி இடமும் மாறியது. முதலில் அது கம்பி வெட்டும் பட்டறைக்கும் டைல்ஸ் அறுக்கும் இடத்துக்கும் மேற்கே இருந்தது. திருவொற்றியூரில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். அறுக்கும் தூசி முழுவதும் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அறைக்குள் வந்துவிடும். கட்டி முடித்த கட்டடத்தின் கிழக்குப் பக்கத் தரைத்தள வீடு ஒன்றை அறையாக ஒதுக்கியபின் அந்தத் தொல்லை நீங்கியது. பெண்களோடு பேசியபோது வெளிவந்த இன்னொரு செய்தி எங்களில் பலருக்குப் புதிது. அவர்கள் தாமதமாக வருவதற்குப் பெரும்பாலும் குழந்தைகள் காரணமில்லை, தண்ணீர்தான் காரணம். தெருக் குழாயிலோ லாரியிலோ தண்ணீர் வரும் காலையில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு யாரும் வேலைக்குக் கிளம்ப முடியாது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதற்கு அருகிலேயே வாழும் இப்பெண்களின் காலைப் பொழுது இன்னும் குடத்தடியில்தான் கழிகிறது. தண்ணீர் வரும் நாட்களில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, கூலி பிடிக்கப்படாமல், மாலையில் அதை ஈடுசெய்யலாம் என்று ஒரு விதி வந்தது. சுற்றறிக்கையில் இருந்த எந்த விதியைவிடவும் அதை நான் உயர்வாக மதிக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் 2023 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் பெரிய உதவியாக இருந்தது. மூத்த பிள்ளைக்கு அடுப்பு மூட்ட வேண்டிய அவசரம் குறைந்ததாகப் பலர் கூறினார்கள். பள்ளி விட்டபின் மாலை ஆறு மணிவரை அந்த மூத்த பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்திலும் எங்கள் விதிகளிலும் வழி இருக்கவில்லை. ஆறு வயதைத் தாண்டியவர்களையும் ஆயா அறைக்குள் அமர்த்திக்கொண்டார், நாங்கள் தடுக்கவில்லை.

வேலை இழந்த பெண்களுக்குப் புதிய முறையிலேயே வேலை உண்டு என்பதை நிறுவுவதற்குத்தான் நீண்ட காலம் பிடித்தது. பலகைகளைச் சுரண்டி எண்ணெய் தடவுவது, கவர் பிளாக் (கம்பி வெளிப்பரப்பை ஒட்டாமல் இடைவெளி காக்கும் சிறு கட்டை) கட்டுவது, மின்குழாய்ப் பெட்டிகளின் வாயை அடைப்பது, முன்வார்ப்புப் படிகளின் இணைப்பை நிரப்புவது, பட்டி பார்ப்பது ஆகியவற்றுக்குத் தலைச்சுமை தேவையில்லை, கவனம் தேவை. அவற்றுள் கவர் பிளாக் மிக முக்கியமானது. உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே போதிய கான்கிரீட் இல்லையென்றால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நேரடியாகக் கடலோரச் சூழலுக்கு ஆட்படும் கட்டுமானத்துக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. இந்தப் பணியைச் சித்தாள்களில் சிலருக்குப் பயிற்றுவித்து, கம்பி கட்டும் குழுவுக்குப் பின்னால் சரிபார்ப்பவர்களாக அமர்த்தினோம். பல ஆண்டுகள் சட்டி தூக்கிய ஓர் அக்காவிடம், புதிய வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “தல வலி போச்சு மேடம், இப்ப கண்ணுதான் வலிக்குது. கம்பிக்காரன் என்னப் பாத்தா ஒழுங்கா கட்றான்” என்றார். அவருடைய கூலியைச் சித்தாள் கணக்கிலிருந்து மாற்றித் தனி வகையில் சேர்க்க ஒப்பந்தக்காரர் தயங்கினார். அது நடக்கப் பல மாதங்கள் ஆயின. தொழிலாளர் நலவாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்த பெண்கள் பலர் இருந்ததால், அதற்கான விண்ணப்பங்களை நிரப்பும் வேலையையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழந்தைகள் அறையிலேயே வைத்துக்கொண்டோம்.

ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். தனியார் துறையில் தந்தையர் விடுப்புக்குச் சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ள 15 நாட்களை எங்கள் நிறுவனம் தன் ஊழியர்களுக்கும் வழங்கியது. பலகை பூட்டும் ஒடிசா இளைஞர்களுக்கு அது பொருந்தவில்லை. பிள்ளை பிறந்த செய்தியைக் கைபேசியில் கேட்டுவிட்டு, மறுநாள் வார்ப்புக்கு நின்றவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

இப்போது மாதவரம் பக்கம் அடுத்த திட்டத்தின் ஒப்பந்த ஆவணங்கள் தயாராகின்றன. குழந்தைகள் அறையை, பெண்களின் எண்ணிக்கை எதுவாயினும், தளம் திறக்கும் நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை நடத்த வேண்டும் என்ற வரி அதில் சேர்ந்திருக்கிறது. அதன் செலவை யார் ஏற்பது என்பதில் ஒப்பந்தக்காரர்கள் முரண்டுபிடித்தார்கள். அதனால் அதைப் பாதுகாப்பு வலை, தலைக்கவசம் ஆகியவற்றோடு சேர்த்துச் சதுர அடி விலைக்குள்ளேயே கணக்கிட்டுவிட்டோம். கவர் பிளாக் சரிபார்க்கும் பெண்களுக்கான கூலி வகையும் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கிறது. ஊருக்குப் போய்வர வேண்டிய இளைஞர்களின் விடுப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை; அடுத்த கூட்டத்துக்கு அதை நான் எடுத்துச் செல்கிறேன்.