ரெண்டு தாத்தா, ஒரு செஸ்னா

சனிக்கிழமை காலைல 6 மணிக்கே மில்வாக்கில இருந்து, அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல நாங்க இருக்கற ஊரு, கெளம்பிட்டோம். நான், 12 வயசு பொண்ணு, அப்புறம் ஊர்ல இருந்து 3 மாசம் எங்களோட இருக்க வந்திருக்க எங்கப்பா. 41ஆம் நம்பர் ஹைவேல வடக்க ஒன்னேகால் மணி நேரம் போனா வின்னிபேகோ ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஏர்போர்ட். எந்த டூரிஸ்ட் லிஸ்ட்லயும் வராது. ஒரு ரன்வே, வரிசையா தகர ஷெட்டு, கம்பத்துல ஒரு காத்துப் பை, சுத்தி மக்காச்சோளக் காடு, அவ்வளவுதான். போன மாசமே போயிருக்க வேண்டியது, மேகம் ரொம்ப கீழ எறங்கி நின்னதால அன்னைக்கு யாரையும் மேல கூட்டிட்டுப் போகல, அதனால இந்த தடவை என் பொண்ணு மூணு நாளா வானத்தையே பாத்துட்டு இருந்தா.

விஷயம் இதுதான். சொந்தமா குட்டி விமானம் வச்சிருக்க, பொழுதுபோக்கா ஓட்டுற பைலட்டுங்க, பெரும்பாலும் ரிட்டயர் ஆன வயசுக்காரங்க, 8ல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள ஒரு 15, 20 நிமிஷம் மேல கூட்டிட்டுப் போயி காட்டுறாங்க. காசு கெடையாது. பேரு யங் ஈகிள்ஸ். இத நடத்துறது இஏஏ, அதாவது எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், இதே விஸ்கான்சின்ல ஆஷ்காஷ்ல தலைமையகம், வீட்டு கேரேஜ்லயே விமானம் கட்டுறவங்களுக்காக பால் போபரெஸ்னி 1953ல மில்வாக்கில ஆரம்பிச்ச சங்கம். யங் ஈகிள்ஸ் ஆரம்பிச்சது 1992ல. ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருஷம் ஆகுற 2003 டிசம்பர் 17க்குள்ள 10 லட்சம் புள்ளைங்கள பறக்க வைக்கணும்னு இலக்கு வச்சாங்க, அதுக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க. 20 லட்சத்த 2016ல தொட்டாங்க, அந்த விமானத்த ஓட்டுனது நடிகர் ஹாரிசன் ஃபோர்டு. ஆனா மிச்ச லட்சக்கணக்கான தடவையும் ஓட்டுனது பேரு தெரியாத மனுஷங்க, அதான் எனக்கு பெருசா படுது.

போனதும் ஒரு டேபிள்ல ஃபார்ம், அப்பா அம்மா கையெழுத்து கட்டாயம். எடை கேட்டாங்க. எங்கப்பா உடனே கேட்டாரு, "எடை எதுக்குல கேக்காக?" நாலு சீட்டு வண்டிப்பா, மொத்த பாரமும் கணக்கு, அது எந்த எடத்துல உக்காருதுங்கறதும் கணக்குன்னு சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு. அப்பா 31 வருஷம் அரசு பஸ் டிரைவர், அதுல பாதி வருஷம் மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலை, ஊத்துன்னு மேல ஏறுற மலை ரோடு. பின்னாடி பாரம் கூடுனா வளைவுல வண்டி என்ன பண்ணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

எங்களுக்கு வந்த பைலட்டுக்கு 74 வயசு, ஸ்கூல்ல தச்சு வேலையும் வெல்டிங்கும் சொல்லிக் குடுத்த வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவராம். செஸ்னா 172, ரெக்கை மேல இருக்கற மாடல், உலகத்துலயே அதிகமா செஞ்ச விமானம் இதுதான். வெள்ளை பெயின்ட் அங்கங்க மங்கியிருக்கு ஆனா ஒரு தூசி இல்ல. என் பொண்ணும் இன்னொரு பையனும் ஒரே ட்ரிப்பு, இவ முன் சீட்டு. நேரா ஏத்திட்டுப் போயிடுவாருன்னு நெனச்சேன். இல்ல. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு விமானத்த ஒரு சுத்து சுத்துனாரு, கால் மணி நேரத்துக்கு மேல. ஆயில் குச்சிய இழுத்து தொடச்சு திரும்ப விட்டு எடுத்து பொண்ணு கைல குடுத்து அளவ படிக்கச் சொன்னாரு. ரெக்கைக்கு அடில ஒரு சின்ன கண்ணாடி கப்ப அழுத்தி கொஞ்சம் பெட்ரோல் புடிச்சு வெளிச்சத்துல காட்டுனாரு, லேசான நீலக் கலரு, தண்ணி கலந்திருந்தா அது கனமா அடில போயி தனியா நிக்கும், இஞ்சினுக்குள்ள போனா மேல நின்னுடும். அப்புறம் ஏறி நின்னு டேங்க் மூடிய தொறந்து குச்சி விட்டு பாத்தாரு, உள்ள பெட்ரோல் அளவு காட்டுற முள்ள மட்டும் நம்ப மாட்டாராம். ப்ரொப்பல்லரோட ஓரத்த விரலால நீவி, கல்லு பட்டு எங்கயாவது வாய் விட்டிருக்கான்னு அந்த பையனையும் தடவிப் பாக்கச் சொன்னாரு.

எங்கப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒன்னு விடாம பாத்துக்கிட்டு இருந்தாரு. "டீசல்ல தண்ணி வந்து ஒரு தடவ ஊத்துக்குப் போற வழில நின்னுட்டேம்ல, ராத்திரி, ஆனை நடமாடுத எடம். அதுக்கப்புறம் ஃபில்டர பாக்காம வண்டிய எடுத்ததே கெடயாது. இந்த மனுசன் டிரைவருல." அவரு வாயில இதுக்கு மேல பெரிய பாராட்டு கெடையாது, நான் கேட்டதும் இல்ல.

அங்க கண்ட்ரோல் டவர் இல்ல. டேபிள் மேல ஒரு கை ரேடியோ வச்சிருந்தாங்க, அதுல பைலட்டுங்க அவங்கவங்களே நான் இப்ப இங்க இருக்கேன், இன்னும் ரெண்டு மைல்ல எறங்கப் போறேன்னு பொது அலைவரிசைல சொல்லிக்கிட்டே இருக்காங்க, கேக்குறவங்க தள்ளிக்கிறாங்க. அப்பாக்கு மொழிபெயர்த்து சொன்னேன். மாஞ்சோலை ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஹாரன் அடிக்கறது தான இதுன்னாரு. அதேதான்பா.

கெளம்பிட்டாங்க. ரன்வே கடைசில நின்னு இஞ்சின ஒரு தடவ முறுக்கி பாத்துட்டு, ஓடி, பாதி தூரம் கூட போயிருக்காது, சக்கரம் தரைய விட்டுடுச்சு. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு ஒரு புள்ளி ஆயி ஏரிப் பக்கம் திரும்பிடுச்சு. அடுத்த 20 நிமிஷம் நானும் அப்பாவும் பேசவே இல்ல. பக்கத்துல யாரோ பான்கேக்கு சுட்டு மேப்பிள் பாகு ஊத்தி தட்டுல குடுத்தாங்க, அது கைல அப்படியே ஆறிப் போச்சு.

எறங்கி வந்ததும் பொண்ணு சொன்னது எல்லாத்தையும் எழுத முடியாது. ஏரி இவ்வளவு பெருசுன்னு தெரியாதாம், மறுகரை புகை மாதிரி இருந்துச்சாம், தொழுவம், சோளக்காட்டுக்குள்ள டிராக்டர் போன தடம், ரோட்டுல நம்ம வந்த கார் மாதிரியே நெறைய கார். ஆனா அவ திரும்பத் திரும்ப சொன்னது ஒன்னுதான். மேல போயி வண்டி நேரா ஆனதும் அவர் கேட்டாராம், நீ ஓட்டுறியான்னு. ஓட்டுறேன்னு சொன்னா போதாது. அவர் "யுவர் ஏர்பிளேன்"னு சொல்லுவாரு, இவ "மை ஏர்பிளேன்"னு சொல்லணும், அவர் இன்னொரு தடவ "யுவர் ஏர்பிளேன்"னு சொல்லி அப்புறம்தான் கைய எடுப்பாரு. இப்ப யாரு கைல வண்டி இருக்குங்கறதுல ஒரு நொடி கூட சந்தேகம் வரக்கூடாதாம். "அப்பா, அவர் நெஜமாவே கைய எடுத்துட்டாருப்பா, மடில வச்சுக்கிட்டாரு." மெதுவா இடது பக்கம் திருப்பச் சொல்லியிருக்காரு, திருப்பியிருக்கா, மூக்கு கொஞ்சம் கீழ போயிருக்கு, அவர் புடுங்கல, அடிவானத்த பாரு, லேசா இழுன்னு வாய்ல மட்டும் சொல்லியிருக்காரு. இவளே சரி பண்ணியிருக்கா.

2009 ஜனவரி 15 அன்னைக்கு நியூயார்க்ல பறவை அடிச்சு ரெண்டு இஞ்சினும் போயி ஹட்சன் ஆத்துல எறக்குனாங்களே, 155 பேரும் பொழச்சாங்க, அந்த விமானத்துலயும் இதே வார்த்தைதான். மேல எழுப்புனது கோ பைலட் ஜெஃப் ஸ்கைல்ஸ். பறவை பட்டதும் கேப்டன் சல்லன்பர்கர் "மை ஏர்கிராஃப்ட்"னாரு, ஸ்கைல்ஸ் "யுவர் ஏர்கிராஃப்ட்"னு விட்டுக் குடுத்தாரு. அவங்க ரெண்டு பேருமே அந்த வருஷம் யங் ஈகிள்ஸுக்கு தலைவர்களா வந்தாங்க, ஸ்கைல்ஸ் எங்க விஸ்கான்சின்காரரு தான். அவங்க சொன்ன அதே முறைய 12 வயசுப் புள்ளைக்கும் மரியாதையா, வெளையாட்டு இல்லாம சொல்றாங்க பாருங்க, அத நெனச்சா எனக்கு தொண்டை அடைக்குது. நான் இன்னும் அவள ரோடு தாண்டுறப்ப கைய புடிச்சுதான் கூட்டிட்டுப் போறேன்.

இத அப்பாகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. "புது டிரைவருக்கு ரூட்டு பழக்க என் வண்டில விடுவாக. ஸ்டேரிங்க அவன் கைல குடுத்துட்டு பக்கத்துல சும்மா உக்காந்திருக்கோம் பாரு, அதாம்ல கஷ்டம். ஓட்டுதது லேசு."

பொண்ணுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும், பறந்த கணக்கு எழுதற லாக் புக்கும் குடுத்தாங்க, மொத வரில அன்னைக்கு தேதி, விமானத்தோட நம்பர், பைலட்டோட கையெழுத்து. ஆன்லைன்ல விமானம் ஓட்டப் படிக்கற கோர்ஸும் இலவசம்தான். பெட்ரோல் செலவு? எங்ககிட்ட வாங்கக்கூடாது, அவர் லைசன்ஸுல காசுக்கு ஆள் ஏத்த அனுமதி கெடையாது, எல்லாம் அவர் பாக்கெட்டுல இருந்துதான். இந்த வண்டி மணிக்கு 8 கேலன் கிட்ட குடிக்கும், அன்னைக்கு காலைல மட்டும் அவர் 6 ட்ரிப்பு போனாரு. ஏன் பண்றீங்கன்னு நேராவே கேட்டேன். அவருக்கு 10 வயசுல பக்கத்து பண்ணைக்காரர் ஒருத்தர் பைப்பர் கப்புங்கற மஞ்சக் கலர் குட்டி விமானத்துல கூட்டிட்டுப் போனாராம், அந்த மனுஷன் செத்து 40 வருஷம் ஆச்சு, கடன அவருக்கே திருப்பித் தர முடியாதுல்லன்னாரு. 4 வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாத்து கையெழுத்து போடணும், போடற வரைக்கும் ஓட்டுவேன்னாரு.

மத்தியானம் வெயில் ஏறி காத்து குலுக்க ஆரம்பிச்சதும் நிப்பாட்டிட்டாங்க. அவர் தனியா மூக்கு சக்கரத்துல ஒரு கம்பிய மாட்டி விமானத்த ஷெட்டுக்குள்ள பின்னால தள்ளப் பாத்துட்டு இருந்தாரு. அப்பா என்கிட்ட ஒன்னும் சொல்லல, நேரா வேலி வாசல்ல நின்ன வாலன்டியர் கிட்டப் போயி கையால சாடை காட்டி கேட்டாரு, அவங்க சிரிச்சுக்கிட்டே விட்டாங்க. எங்க புடிக்கணும்னு பைலட் காட்டுனாரு, ரெக்கையத் தாங்குற அந்த சாஞ்ச கம்பில. ரெண்டு பேரும் சேந்து தள்ளுனாங்க, ஒரு வார்த்த பேசல, ரெண்டு பேருக்கும் பொது மொழியும் இல்ல. உள்ள போனதும் பைலட் கைய தூக்கி நிப்பாட்டுனாரு. செவுத்தோரம் கெடந்த மரக்கட்டைய எடுத்து சக்கரத்துக்கு முன்ன ஒன்னு பின்ன ஒன்னு எங்கப்பாவே வச்சாரு, வச்சிட்டு காலால ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு.