ஒரு மழையை வைத்து என்ன சொல்லலாம்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், உரம், பீடை பற்றிய கேள்விகளுக்கு இணையாக, மழை பிழைக்கும்போதெல்லாம் கமக்காரர்கள் என்னிடம் கேட்டு வந்தது, "ஐயா, இதெல்லாம் காலநிலை மாற்றத்தாலையோ?" என்பதுதான். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அதற்கு விடை சொல்ல நான் எப்போதும் தயங்கினேன்.

2022 டிசம்பரில் அந்தத் தயக்கம் மிகவும் கூடியது. மாண்டஸ் புயல் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்த நாட்களில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1000இற்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. "பூமி சூடாகுது எண்டு சொல்லுறியள், மாடு குளிரிலை விறைச்சுச் செத்துக் கிடக்குதே" என்று கேட்டவரின் துயரம் உண்மையானது. அவருடைய கேள்வியும் நியாயமானது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஆனால் அது உலகம் முழுவதற்குமான, பல ஆண்டுகளுக்கான சராசரி. ஒரு புயலின் ஓரத்தில் வீசும் குளிர்காற்றை அது தடுத்துவிடாது. திறந்த வெளியில் இரவிரவாக நனைந்து, காற்றில் நின்ற மெலிந்த மாடுகள் உடல் வெப்பத்தை இழந்தே இறந்தன. அந்தக் குளிரைப் புவி வெப்பமடைதலின் சான்றாகவும் கொள்ள முடியாது, மறுப்பாகவும் கொள்ள முடியாது.

பெருமழையின் கதை வேறு. வெப்பநிலை 1 பாகை உயரும்போது காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கக்கூடியதாகிறது. ஆகவே வெப்பமான கடலின் மேலே உருவாகும் மழைமேகம் முன்னையதைவிட அதிகமாகக் கொட்டுவதற்கு வாய்ப்புண்டு. "அப்ப 1964ஆம் ஆண்டுப் புயல் ஏன் வந்தது?" என்று முதியவர்கள் கேட்பார்கள். அன்றும் புயல் வந்தது, இனியும் வரும். மாறுவது, அத்தகைய மழை எவ்வளவு கடுமையாக, எத்தனை ஆண்டுக்கொரு முறை வரும் என்பதே. அதனை அறியக் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகள் வேண்டும், ஏனெனில் எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழமையைவிடச் சூடாவது) போன்ற இயற்கை ஊசலாட்டங்களே இங்குள்ள ஐப்பசி, கார்த்திகை மழையை ஆண்டுக்காண்டு கூட்டியும் குறைத்தும் விடுகின்றன.

என் பணியில் மிகவும் கவலை தந்தது, ஆண்டு மொத்த மழையை மட்டும் பார்த்துத் திருப்தியடையும் பழக்கம். புரட்டாதியில் புழுதியில் விதைத்த நெல், முதல் மழையில் முளைத்தபின் நீண்ட வறட்சி வந்தால் கருகிவிடும்; தையில் கதிர் முற்றி நிற்கும்போது மழை பெய்தால் வயலிலேயே சாய்ந்து முளைக்கும். இரண்டு நட்டமும் நேர்ந்த ஆண்டில்கூட மொத்த மழை வழமையானதாக இருக்கலாம். நிரந்தர ஆறில்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். பல நாட்களில் பரவலாகப் பெய்தால் அது நன்றாக நிலத்தில் இறங்கும். ஒரே நாளில் கொட்டினால் பெரும்பகுதி வெள்ளவாய்க்கால்களாலும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றாலும் கடனீரேரியைச் சேர்ந்துவிடும்.

ஆகவே, புதிதாக வந்த இளம் போதனாசிரியர்களிடம், விதைப்புக்குரிய முதல் மழை பெய்த திகதி, முளைத்தபின் மழையில்லாதிருந்த நாட்கள், ஒரே நாளில் பெய்த மிகக் கூடிய மழை ஆகிய மூன்றையும் மாத மொத்தத்தோடு சேர்க்காமல் ஒவ்வொரு காலபோகத்துக்கும் (மாரிமழையை நம்பிச் செய்யும் பெரும்போகத்துக்கும்) தனித்தனியே எழுதி வைக்குமாறு கேட்டுக்கொண்டேன்.