படபடப்பு வரும் நேரத்தில் மெஷின் இருக்காது

எனக்கு வந்த படபடப்புக்கு நேரம் காலம் கிடையாது. குனிந்து செருப்பு மாட்டும்போது வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். சில சமயம் கொஞ்ச நேரத்தில் போய்விடும், சில சமயம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். அப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. நோயைக் கண்டுபிடிக்க இவ்வளவு இழுத்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

முதலில் வழக்கமானதெல்லாம் செய்தார்கள். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம். எல்லாமே நார்மல். இவை வீண் சோதனைகள் இல்லை. ரத்தசோகையும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும் இதயத்தை வேகமாக ஓட வைக்கும், அவை இல்லை என்று முதலில் உறுதி செய்யத்தான் வேண்டும். ஆனால் சாதாரண ஈசிஜி ஏறக்குறைய 10 நொடியைத்தான் பதிவு செய்கிறது. அந்த 10 நொடிக்குள் படபடப்பு வந்து மாட்ட வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

அடுத்தது ஹோல்டர், ஈசிஜியை நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவி. மார்பில் ஒட்டிய பட்டைகள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, 24 மணி நேரம். என்ன செய்தேன், எப்போது என்ன உணர்ந்தேன் என்று எழுத ஒரு தாளும் கொடுத்தார்கள். மாடி ஏறினேன், தூங்கினேன் என்பதைத் தவிர அதில் எழுத எதுவும் நடக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், "எல்லாம் டென்ஷன்தான், மனசை ரிலாக்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஹோல்டர் சொன்னது என்னவோ உண்மைதான்: படபடப்பு வராத ஒரு நாளில் என் இதயம் ஒழுங்காகத் துடித்தது. அதை வைத்து, படபடப்பு வரும்போதும் ஒழுங்காகத்தான் துடிக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? படபடக்கும் நேரத்தில் எடுத்த பதிவும் சரியாக இருந்தால் அது வேறு பேச்சு.

இதயத்தின் மின்னோட்டக் கோளாறுகளுக்கென்றே தனியாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள். அப்படி ஒருவரிடம் போனேன். அவர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "அது வரும்போது எப்படித் துடிக்கும்? மேஜையில் தட்டிக் காட்டுங்கள்" என்றார். தட்டினேன். வேகமாக, ஒரே சீராக. "மெதுவாக ஏறுமா, சட்டென்று வருமா?" சுவிட்ச் போட்டது போல வரும், அதே மாதிரி சட்டென்று நிற்கும் என்றேன். "கழுத்தில் துடிக்குமா? சிறுநீர் நிறையப் போகுமா?" இரண்டுமே உண்டு. இரண்டாவதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தம் இருக்கிறதாம். இதயத்தின் மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்கும்போது, மூடிய வால்வில் மோதும் ரத்தம் கழுத்து ரத்தக்குழாய்க்குத் திரும்பும். மேலறை விரிவதால் சுரக்கும் ஹார்மோன் சிறுநீரை அதிகமாக்கும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் பதற்றம், காய்ச்சல் போன்றவற்றால் வரும் இயல்பான வேகமாக இருக்கலாம். தாறுமாறாகத் தட்டிக் காட்டினால் சந்தேகம் வேறு பக்கம் போகும். எழுந்து நின்றால் மட்டும் வருகிறது என்றால், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் 10 நிமிடம் துடிப்பை எண்ணிப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு நிற்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, ரத்த அழுத்தமும் இறங்காமல் இருந்தால் போட்ஸ் என்ற கோளாறை யோசிப்பார்கள்.

எதை வைத்துப் பதிவு செய்வது என்பது படபடப்பு எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்பதைப் பொறுத்தது. தினமும் வந்தால் ஹோல்டர் போதும். வாரத்துக்கொருமுறை என்றால் 14 நாள் வரை மார்பிலேயே இருக்கும் பேட்ச். எப்போதோ ஒருமுறை வந்து, மயக்கமும் போட்டால் தோலுக்கடியில் வைக்கும் லூப் ரிக்கார்டர்; அது சில வருடங்கள் வேலை செய்யும். எனக்கு, இரண்டு கட்டைவிரலையும் வைத்தால் 30 நொடி ஈசிஜி எடுக்கும் கையடக்கக் கருவி போதும் என்றார். கைக்கடிகாரம் பச்சை விளக்கில் காட்டும் எண் போதாது. அது வேகத்தைத்தான் சொல்லும், மருத்துவருக்கு வேண்டியது ஈசிஜி கோடு.

அடுத்த முறை படபடப்பு வந்தபோது கை நடுங்கியதில் முதல் பதிவு வெறும் கிறுக்கலாக விழுந்தது. முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு மறுபடி எடுத்தேன். நிமிடத்துக்கு 188 துடிப்பு, குறுகலான அலைகள், ஒரே இடைவெளி. அதைப் பார்த்ததும் மருத்துவர் எஸ்விடி என்றார், கீழறைகளுக்கு மேலே உள்ள பகுதியிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு. எந்த வகை என்று உறுதி செய்ய இபி ஸ்டடி செய்தார்கள். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பார்கள். "இதுவா?" என்று கேட்டார்கள். இதேதான் என்றேன். ஏவிஎன்ஆர்டி: இதயத்தின் நடுச் சந்திப்பில் மின்னோட்டம் இரண்டு பாதைகளுக்கிடையே சுற்றிச் சுற்றி ஓடும் கோளாறு. அதே படுக்கையில் மெதுவான பாதையைச் சுட்டு அடைத்தார்கள். இதில் அரிதாக இயல்பான பாதையும் பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இதுவரை திரும்ப வரவில்லை.

இன்னும் கண்டுபிடிக்க முடியாமல் அலைபவர்களுக்கு ஒன்று. படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் பதிவு எடுக்கிறேன் என்று வீட்டில் உட்கார வேண்டாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "இப்போது படபடக்கிறது, முதலில் ஈசிஜி எடுங்கள்" என்று சொல்லுங்கள். சீட்டு போட்டுக் காத்திருப்பதற்குள் நின்றுவிடும். அந்தக் காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.