நான் எடுத்த புத்தகம் யாருக்குத் தெரிய வேண்டும்?

சில வருஷங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பரிசோதனை எடுத்திருந்தோம். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு வாரம் தாங்காமல், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், நூலகத்திலிருந்து மார்பகப் புற்றுநோய் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து எல்லோரும் தூங்கிய பிறகு படித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் தெரிந்தவர் ஒருவர் வழியில் நிறுத்தி, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவரும் அதே புத்தகத்தைத் தேடிப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "அது அவங்ககிட்ட இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே, கேட்டு வாங்கிக்கோங்க" என்று என் பெயரைச் சொல்லிவிட்டார்.

உதவியாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அம்மாவிடம் நானே இன்னும் பேசாத ஒரு விஷயம் அன்றைக்கு வெளியே போய்விட்டது.

"பொதுப் பணத்தில் நடக்கிற நூலகம், அதன் பதிவேடுகளைப் பார்க்க மக்களுக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உரிமை உண்டு. என்ன புத்தகம் வாங்கினார்கள், எவ்வளவுக்கு வாங்கினார்கள், ஒரு புத்தகம் எத்தனை முறை வெளியே போனது, நிர்வாகக் குழு என்ன முடிவெடுத்தது, இதெல்லாம் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். ஒரு புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி யாராவது மனு கொடுத்தால் அந்த மனுவும் வெளிப்படையாக இருப்பதே சரி என்பேன், ஏனென்றால் அது பொது அமைப்பை ஒரு காரியம் செய்யச் சொல்வது. படிப்பது அப்படி இல்லை. புத்தகத்தின் பெயருக்கு எதிரே ஆளின் பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கோட்டைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். 48 மாநிலங்களில் வாசகர் பதிவுகளைப் பாதுகாக்கச் சட்டம் உண்டு, பல இடங்களில் அது, அரசு ஆவணங்களை மக்கள் கேட்டுப் பார்க்க வழிசெய்யும் பொது ஆவணச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்காக இருக்கிறது. சும்மா வந்துவிடவில்லை. 1970-ல் வரித்துறை ஆட்கள் நூலகங்களுக்குப் போய், வெடிபொருள் பற்றிய புத்தகங்களை யார் யார் எடுத்தார்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு 1971-ல் அமெரிக்க நூலகச் சங்கம், சட்டப்படியான உத்தரவு இல்லாமல் இந்தப் பதிவுகளைக் கொடுக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தது. 2005-ல் கனெக்டிகட் மாநிலத்தில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, நீதிபதியின் கையெழுத்தே இல்லாத ஒரு கடிதத்தோடு வாசகர் தகவல் கேட்டது, கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது என்றது. அங்கே 4 நூலகர்கள் மறுத்து வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போது அவர்கள் பெயரைக்கூட வெளியிட முடியவில்லை. அடுத்த வருஷம் எஃப்பிஐ பின்வாங்கியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், கணினிக்கு முன்னால் நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்கிய பழைய பிரௌன் முறைதான். உறுப்பினருக்குச் சின்னப் பை மாதிரி டிக்கெட்டுகள் கொடுப்பார்கள், ஒரு புத்தகத்துக்கு ஒன்று. புத்தகம் எடுக்கும்போது அதன் உள்ளே இருக்கிற புத்தக அட்டையை உருவி அந்த டிக்கெட்டுக்குள் செருகி, தவணைத் தேதிப்படி தட்டில் அடுக்கிவிடுவார்கள். திருப்பிக் கொடுத்தால் அட்டை புத்தகத்துக்குள், டிக்கெட் நம் கைக்கு. அவ்வளவுதான், நீங்கள் எடுத்ததற்கு அந்தத் தட்டில் ஒரு தடயமும் மிச்சமில்லை. இல்லாத பதிவை யாராலும் கேட்டு வாங்க முடியாது. கணினி வந்த பிறகும் வேண்டுமென்றால் இதையே செய்யலாம், புத்தகம் திரும்பி வந்ததும் ஆளுக்கும் புத்தகத்துக்குமான இணைப்பை அழித்துவிடலாம். பல மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது, யாராவது அதை இயக்கி வைக்க வேண்டும். அப்புறம் பேக்கப்பிலும் அது அழிகிறதா என்று பார்க்க வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. நான் இப்போதும் அதே நூலகத்துக்குத்தான் போகிறேன். முன்பதிவு செய்த புத்தகங்களை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்து, முழுப் பெயர் எழுதிய சீட்டை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி செருகியிருக்கிறார்கள், போகிற வருகிற எல்லோரும் படிக்கலாம். பெயர் வேண்டாம், உறுப்பினர் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும் என்று போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குழுவில் வைக்கிறோம் என்றார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன், அன்றைக்குப் போவேன்.